செய்வதா, வாங்குவதா: ஒரு கோயமுத்தூர் வழக்கு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சிலர் கூடிப் புத்தகங்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். சென்ற கூட்டத்திற்கென்று எடுத்துக்கொண்ட நாவல் முதல் அரைமணி நேரத்திலேயே கைவிடப்பட்டது. நண்பர் ஒருவர் கொண்டுவந்த கேள்விதான் காரணம். அவருடைய மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வென்ற செய்தியைப் படித்த நாளிலிருந்து பிடித்துக்கொண்ட ஆசை அது. இதுவரை பொதுத் துப்பாக்கி ஒன்றில் பழகியவளுக்கு இனிச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். புதிதாக வாங்கினால் இரண்டு, மூன்று லட்சம் ரூபாய்.

நண்பரின் அண்ணன் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். விலையைக் கேட்டதும் அவர் சொன்னாராம்: "ஏந்தம்பி, இத்தன பணத்தக் குடுத்து ஜெர்மன்காரங்கிட்டப் போய் வாங்கோணுமா? ஒரு பீசைக் கொண்டாந்து காட்டு, நாமளே பண்ணிப் போடலாம்."

கூட்டம் அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. வாசிப்புக் குழுவில் பாதிப் பேர் பொறியாளர்களாக இருப்பது கோவையில் மட்டுமே நேரக்கூடிய விபத்து என்று வெளியூர் நண்பர்கள் எங்களைக் கேலி செய்வதுண்டு. அன்று அது உண்மையாயிற்று.

துப்பாக்கியைப் பொறுத்தவரை விடை சொல்ல இரண்டு நிமிடம் போதும். முதலில் சட்டம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாமல் எவரும் துப்பாக்கி செய்வதை அனுமதிப்பதில்லை. ஏர் ரைஃபிளுக்கு வெடிமருந்துத் துப்பாக்கியின் கெடுபிடிகள் அத்தனையும் இல்லை என்றாலும், பட்டறையில் குழல் கடைவது விளையாட்டு வேலையன்று. அடுத்தது நுட்பம். பத்து மீட்டர் தொலைவில் இருக்கும் இலக்கட்டையில் பத்துக்குரிய மையப் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். 4.5 மில்லிமீட்டர் குண்டு அதைத் தொட்டால் மட்டும் போதாது. இன்று மதிப்பெண்ணே தசமத்தில் 10.9 வரை கணக்கிடப்படுகிறது. ஒரு குண்டை அங்கே அனுப்பும் குழலை எங்கள் பட்டறைக்காரர் கடைந்துவிடுவார், ஐயமில்லை. ஆயிரமாவது குண்டையும் அதே இடத்திற்கு அனுப்பும் குழல்தான் போட்டித் துப்பாக்கி. உல்ம் நகரத்து வால்தர், ஆன்ஷுட்ஸ், ஓபர்ன்டார்ஃபின் ஃபைன்வெர்க்பாவ் ஆகிய நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக அந்த ஆயிரமாவது குண்டுக்காகவே உழைத்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே வாங்கிவிடலாம் என்று முடித்திருக்க வேண்டும். முடியவில்லை. பேச்சு துப்பாக்கியை விட்டு எப்போதோ விலகி, இந்த ஊர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் நம்பிக்கையைத் தொட்டுவிட்டிருந்தது.

அந்த நம்பிக்கை வறட்சியில் பிறந்தது. கொங்கு நாட்டில் ஆறு பாயும் நிலம் கொஞ்சம், கிணறு ஆழம். எருதுகளைக் கட்டிக் கவலை இறைத்த தலைமுறைக்கு 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபோது, மோட்டாரும் பம்ப்பும் ஆடம்பரமாகத் தெரியவில்லை, உயிர்த் தேவையாகத் தெரிந்தன. சீமையிலிருந்து வந்தவற்றின் விலையோ எட்டாத உயரத்தில் இருந்தது. 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்கூடம், 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்த மின்மோட்டார், 1955இல் சபாபதி உருவாக்கிய கிரைண்டர் என்று ஊர்ப் பெருமையின் பட்டியல் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். விலை தாங்காதவன் செய்துகொண்ட கதைகள் இவை. வாங்க முடிந்திருந்தால் வாங்கியிருப்பார்கள்.

இதில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு. "ஒரு பீசைக் கொண்டாந்து காட்டு" என்ற வாக்கியத்தில் பெருமை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு சோம்பலும் இருக்கிறது. காட்டியதைப் போல இன்னொன்று செய்வது கைத்திறன். அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பது வேறு வேலை. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, நகலெடுத்ததையெல்லாம் கண்டுபிடிப்பு என்று மேடையில் பேசும் வழக்கம் இங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் அந்த வகையில் நேர்மையானது என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். மில்லுக்கு வேண்டிய இயந்திரங்களையெல்லாம் வெளிநாட்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஊரில், 1962இல் ஸ்விட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தோடு முறையாக ஒப்பந்தம் செய்துகொண்டு, நுட்பத்தை விலைகொடுத்து வாங்கி, இயந்திரத்தை இங்கே செய்தார்கள். செய்வதற்கும் வாங்குவதற்கும் நடுவில் ஒரு மூன்றாவது வழியும் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

இந்த இடத்தில்தான் ஒருவர் கரியின் பெயரை எடுத்தார். எங்கள் வழக்கில் சரியான முன்தீர்ப்பு அவரிடம்தான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

சுந்தரம் கரிவரதன் 1954இல் பிறந்தவர். லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. கோவையில் அவரைக் கரி என்றுதான் சொல்வார்கள். தாமே பந்தயக் கார் ஓட்டியவர். அன்றைய பந்தயங்கள் சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தன. அங்கே யாரிடம் என்ன இருந்ததோ அது ஓடியது. வீட்டுக் காரை அறுத்துத் தட்டி, எடையைக் குறைத்துக் கொண்டுவந்தவர்கள் ஒருபுறம். வெளிநாட்டுப் பந்தயக் காரை அப்படியே இறக்குமதி செய்துகொண்டு வந்த செல்வர்கள் மறுபுறம். விஜய் மல்லையா 1980களில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரையே அந்த ஓடுதளத்தில் ஓட்டினார். அதன் சத்தத்தைக் கேட்பதற்கென்றே கூட்டம் போயிருக்கும். நாங்களாக இருந்தாலும் போயிருப்போம். ஆனால் அங்கே யார் நல்ல ஓட்டுநர் என்று எப்படிச் சொல்வது? பணம் ஓடியதா, பட்டறை ஓடியதா, ஆள் ஓட்டினானா என்று பிரித்தறிய வழியே இல்லை.

1980களின் இறுதியில் கரி செய்தது இந்தக் குழப்பத்திற்கான விடை. சாலையெங்கும் ஓடத் தொடங்கியிருந்த மாருதி 800இன் எஞ்சினை, வெறும் 796 சிசி, மூன்று சிலிண்டர், எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரின் பின்புறத்தில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். உலகக் கணக்கில் அது ஒரு பொம்மை. அவ்வளவு சிறிய எஞ்சின் வைத்த காரில் தவறு செய்து வேகத்தை இழந்தால், மிதித்து மீட்டுக்கொள்ள வழியில்லை. திருப்பத்தில் ஒழுங்காகத் திரும்பத் தெரிந்தவன் முன்னால் போவான், தெரியாதவன் பின்தங்குவான். எல்லோருக்கும் ஒரே கார் என்பதால் சாக்குச் சொல்லவும் இடமில்லை. கெட்டுப்போனால் உதிரிபாகம் மாருதி கடையில் கிடைக்கும். வளைந்தால் நிமிர்த்த வெல்டர் பக்கத்துத் தெருவில் இருப்பார்.

கரி தமக்காக ஒரு காரைச் செய்துகொண்டு அதில் வென்றிருந்தால் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்காக அது மறக்கப்பட்டிருக்கும். அவர் மற்றவர்கள் வாங்கி ஓட்டுவதற்காகச் செய்தார். செய்வதா, வாங்குவதா என்று நாங்கள் இரு கட்சியாகப் பிரிந்து கத்திக்கொண்டிருந்தபோது இது எங்களுக்குத் தோன்றவேயில்லை. பக்கத்தில் ஒருவர் செய்தால்தான் எளியவர் வாங்க முடியும். 1977இல் பிறந்த நரேன் கார்த்திகேயன், கரியின் உறவினர், ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டித்தான் பந்தயத்திற்குள் வந்தார். கருண் சந்தோக் 2000இல் தொடங்கியதும் அதே வகைக் காரில்தான். 2005இல் நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியரானார். (இண்டியானாபொலிஸில் அவர் பெற்ற நான்காம் இடத்தைப் பற்றிப் பேசும்போது, அன்று ஆறு கார்கள்தாம் ஓடின என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நல்லது. உள்ளூர்க்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள்.) அதைப் பார்க்கக் கரி இல்லை. 1995 ஆகஸ்டில் ஒரு விமான விபத்தில், நாற்பத்தொரு வயதில், இறந்துபோனார்.

சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது. 1971இல் இதே கோவையிலிருந்து வானம்பாடி விலையிலாக் கவிமடலாக வெளிவந்தது. அந்தக் கவிதைகள் மீது எங்களுக்கு ஆயிரம் விமர்சனங்கள் உண்டு. அவற்றின் உரத்த குரலை எங்களில் பாதிப் பேருக்குத் தாங்க முடியாது. ஆனால் பெரிய பத்திரிகைகளின் கதவில் நின்றுகொண்டிருந்த பலருக்கு அந்தத் தாள் ஓடுதளமாக இருந்தது. அதுவும் 796 சிசிதான்.

கரிக்குப் பிறகும் அந்த வழி அடைபட்டுவிடவில்லை. எல்.ஜி.பி. நிறுவனத்தார் 1,300 சிசி மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா எல்ஜிபி கார்களைச் செய்தார்கள்; தேசியப் பந்தயங்களில் புதியவர்கள் பலர் தொடங்குவது அந்த வகையில்தான். 2003இல் செட்டிபாளையத்தில், ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் ஓடுதளம் திறக்கப்பட்டு, கரியின் பெயர் வைக்கப்பட்டது. ஆனால் மேலே இருக்கும் படிகள் இன்று வேறு கைகளிலிருந்து வருகின்றன. எம்.ஆர்.எஃப். 2000 காரின் உடல் இத்தாலியின் டல்லாராவுடையது. 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா ஃபோர் போட்டியின் கார் பிரான்சின் மிகால் செய்தது. இந்தியன் ரேசிங் லீகின் வுல்ஃப் காரும் இத்தாலியிலிருந்து வருவது. ஊர்ப் பெருமை பேசும் நண்பர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. சர்வதேசக் கூட்டமைப்பு ஒப்புதலளித்த காரில் ஓடினால்தான் மேலே போவதற்கான புள்ளிகள் ஒரு பையனின் கணக்கில் சேரும். மேலும், கார்பன் இழையில் வார்த்த அந்தக் கூடு மோதும்போது உள்ளிருப்பவனைக் காப்பதைப் போல, குழாய்களை வெல்டிங் செய்து அமைத்த சட்டகம் காக்காது. உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் சுதேசி பேசுவது எங்களுக்கு உவப்பில்லை.

எங்கள் கவலை வேறு. ஊரில் செய்யும் காரிலேயே ஒரு பருவத்தை ஓட்டி முடிப்பது நடுத்தரக் குடும்பத்திற்குச் சுமைதான். அதற்கு மேற்படியில் ஒவ்வோர் உதிரிபாகமும் கடல் கடந்து வரும்போது, கதவில் நிற்பவர்களின் எண்ணிக்கை தானாகவே குறைந்துவிடுகிறது. இறக்குமதியை எதிர்ப்பதால் இது தீராது. கீழே இருக்கும் அந்த முதல் படி, ஊர்ப் பட்டறையில் நிமிர்த்திக்கொள்ளக்கூடிய அந்தப் படி, எக்காரணம் கொண்டும் உடைந்துவிடக்கூடாது என்பதே எங்கள் கட்சி. பகட்டான புதிய போட்டிகளுக்கு முன்னால் பழைய எல்ஜிபி வண்டியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அதைத்தான் உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதை வாங்கலாம், எதைச் செய்ய வேண்டும் என்பதைப் போட்டி எதை அளக்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்க முடியும். உலகின் உச்சப் போட்டியான ஃபார்முலா ஒன்னில், தன் காரைத் தானே வடிவமைக்காத அணிக்கு இடமில்லை. அது ஓட்டுநரோடு சேர்த்துச் செய்பவனையும் அளக்கிறது. அங்கே இன்னொருவன் காரை வாங்கி ஓட்டுவது ஏமாற்று. அதற்கு ஒரு படி கீழே ஃபார்முலா டூவில் எல்லோருக்கும் ஒரே டல்லாரா. அங்கே ஆள் மட்டுமே அளக்கப்படுகிறான்.

செய்பவனை அளக்கும் போட்டியொன்று எங்கள் ஊரிலேயே நடக்கிறது. கரியின் பெயர் கொண்ட அதே ஓடுதளத்தில் பொறியியல் மாணவர்களுக்கான ஃபார்முலா பாரத். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஜனவரிக் காலையில் நாங்கள் நால்வர் வேடிக்கை பார்க்கப் போனோம். நாடெங்கிலுமிருந்து வந்த பிள்ளைகள், தூக்கமில்லாத கண்கள், கையெல்லாம் கிரீஸ். கார் ஓடுவதற்கு முன்பே மதிப்பெண்கள் தொடங்கிவிடுகின்றன. வடிவமைப்பிற்கு மதிப்பெண், செலவுக் கணக்கிற்கு மதிப்பெண். நடுவர் இந்தக் குழாய் ஏன் இந்தக் கோணத்தில் இருக்கிறது என்று கேட்கிறார். சென்ற ஆண்டு அண்ணன்மார்கள் அப்படித்தான் வைத்தார்கள் என்று சொன்னால் போயிற்று. "ஒரு பீசைக் கொண்டாந்து காட்டு" என்பது செல்லுபடியாகாத இடம் அது. ஆனால் எல்லாவற்றையும் அவர்கள் செய்வதுமில்லை. எஞ்சின் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்தது, கே.டி.எம். 390தான் பலருக்குப் பிடித்தது. டயர் வாங்கியது. சட்டகமும் சக்கரத்தைத் தாங்கும் கைகளும் அவர்களுடையவை.

இருபத்திரண்டு கிலோமீட்டர் தாக்குப்பிடிக்க வேண்டிய நெடும் ஓட்டத்தில் ஒரு கார் பாதியில் நின்றுவிட்டது. ஓடுதளத்திலிருந்து அகற்றி வந்ததும் ஒரு பையன் தரையில் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தான். அழுவான் என்று நினைத்தோம். எழுந்து, வெல்டிங் விட்டுப்போன ஒரு சிறு பட்டையை எங்களுக்கே காட்டி, வெப்பத்தில் எந்த இடத்தில் உலோகம் பலமிழந்தது என்று பத்து நிமிடம் விளக்கினான். வென்ற அணி எந்தக் கல்லூரி என்பது மறந்துவிட்டது. அந்தப் பட்டையை எங்களில் எவரும் மறக்கவில்லை. வாங்கிய கார் நின்றிருந்தால் அவன் விற்றவனுக்குப் போன் செய்திருப்பான்.

நண்பரின் மகள் சுடும் போட்டி செய்பவனை அளப்பதில்லை. அவளை அளக்கிறது, அவள் மூச்சையும் நிற்கும் நிலையையும் அளக்கிறது. ஆகவே குழலை வாங்கிவிடுவது என்றே முடிவாயிற்று. புதியதற்குப் பணம் போதாமல், ஓய்வுபெற்ற ஒரு வீராங்கனையின் துப்பாக்கியை முறைப்படி வாங்கினார்கள். ஆனால் அது வேறொருத்தியின் உடலுக்குப் பொருத்தி வைத்தது. இவளுக்குக் கை நீளம். தலையைத் தாழ்த்தினால்தான் கண் குறிக்கு நேராகிறது. தலை தாழ்ந்தால் கழுத்து நடுங்குகிறது. இடது கையில் தாங்கும் முன்கட்டை இன்னும் கொஞ்சம் கீழே வந்தால் துப்பாக்கி உயரும் என்றார் பயிற்சியாளர்.

பெரியப்பாவிடம் போனார்கள். அவர் முதலில் காட்டியதைப் போல ஒன்றைச் செய்துகொடுத்தார். அது நீளமாகத் தொங்கியது, பத்து மீட்டர் போட்டியில் அனுமதியில்லை என்று வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் விதிப்புத்தகத்தைக் கேட்டார். குழலின் மையத்திலிருந்து முன்கட்டையின் அடிவரை 120 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, மொத்த எடை ஐந்தரைக் கிலோவைத் தாண்டக்கூடாது என்று மகள் படித்துச் சொல்ல, அவர் சுவரில் சாக்பீசால் எழுதிக்கொண்டார். பிறகு அவளை நிற்கச் சொல்லி, துப்பாக்கியில்லாமல் வெறுங்கையோடு, முழங்கை இடுப்பில் எங்கே உட்காருகிறது என்று பத்து முறை அளந்தாராம். ஒவ்வொரு முறையும் ஏன் அங்கே வைக்கிறாய் என்று கேட்டாராம்.

இப்போது அலுமினியக் கட்டை நான்காவது முறையாகக் கடையப்பட்டுக்கொண்டிருக்கிறது. மூன்றாவது நாற்பது கிராம் கூடிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்கிறார் நண்பர். நாவலை அன்று பேசிக்கொள்ளலாம்.